தவறிய நாளையும் எழுதுங்கள்: செயலியை வைத்து 48 நாளில் ஒரு இலக்கை முடிப்பது எப்படி?

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாளில் மட்டும் அம்மா அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். பால் வந்த நாளுக்கு ஒரு குறியும் கிடையாது. மாதக் கடைசியில் வட்டங்களை எண்ணி, மொத்த நாளில் கழித்து, பால்காரருக்குக் கணக்கு முடித்துவிடுவார். ஒரு மாதம்கூடத் தகராறு வந்ததில்லை.

இலக்குகளைக் குறித்துவைக்கும் செயலிகளை நான் நாலைந்து வருடமாகப் பயன்படுத்துகிறேன். முதல் இரண்டு வருடம் அவற்றால் எனக்கு ஒரு பயனும் இல்லை. செய்த நாளில் ஆசையாக டிக் அடிப்பேன். செய்யாத நாளில் செயலியைத் திறக்கவே மாட்டேன். இரண்டு வாரத்தில் அது போனின் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும், அப்புறம் ஒரு நாள் இடம் போதவில்லை என்று நீக்கப்படும். அம்மாவின் காலண்டருக்கு நேர் எதிராக நடந்துகொண்டிருந்தேன் என்பது புரியவே வெகுநாள் ஆனது. கணக்கு தீர்ந்தது வராத நாளை வைத்துத்தான். இந்த வழிகாட்டியில் வரும் படிகள் எல்லாமே அந்தத் தவறிய நாட்களை எப்படிப் பதிவது, எப்படிப் படிப்பது என்பதற்காகத்தான்.

முதல் படி: செயலியை இறக்காதீர்கள், ஒரு தாளை எடுங்கள்

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெச்பிஏ1சி 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். ரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது. "நடங்க சார், மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செயலியில் "சர்க்கரையைக் குறைக்க வேண்டும்" என்று எழுதினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு போன் கேட்டது: இன்று செய்தாயா? எதை? சர்க்கரை இன்றைக்குக் குறைந்ததா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் குத்துமதிப்பாக டிக் அடித்துவிட்டு விட்டேன்.

அதனால் முதலில் தாளில் மூன்று வரி எழுதுங்கள். என்ன கிடைக்க வேண்டும் என்பது முதல் வரி. அதற்காக என் கையும் காலும் செய்ய வேண்டியது என்ன என்பது இரண்டாவது. எந்தத் தேதியில் முடிகிறது என்பது மூன்றாவது. செயலிக்குள் போக வேண்டியது இரண்டாவது வரி மட்டும். முதல் வரி தாளிலேயே இருக்கட்டும். என் இரண்டாவது வரி, "காலை 6 மணிக்கு 30 நிமிடம் நடை, வாரத்தில் 5 நாள்" என்று ஆனது. முப்பதை ஐந்தால் பெருக்கினால் 150 நிமிடம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் அதுதான்.

ஒரு வரி செயலிக்குள் போகத் தகுதியானதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. தூங்கப் போகும் முன் அதைப் பற்றி யாராவது கேட்டால், யோசிக்காமல் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்ல முடிய வேண்டும், அல்லது ஒரு எண்ணைச் சொல்ல முடிய வேண்டும். "நன்றாகப் படிக்க வேண்டும்" இந்தச் சோதனையில் தேறாது. என் அண்ணன் மகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதியில் அவளுக்குப் பயமில்லை. 25 கணக்குக் கேள்விகள்தான் இடித்தன. அவள் எழுதியிருந்தது "கணக்கில் கவனம் செலுத்தணும்". அதை "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 10 கணக்கு" என்று மாற்றினோம். பத்தா, ஏழா, பூஜ்யமா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம்.

48 நாள் ஏன்?

சித்த மருத்துவர் "ஒரு மண்டலம் சாப்பிடுங்க" என்றால் நம் வீடுகளில் யாரும் விளக்கம் கேட்பதில்லை, 48 நாள் என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தைத்தான் நான் கடன் வாங்கியிருக்கிறேன். இதில் அறிவியல் ஒன்றும் இல்லை. 30 நாள் எனக்குப் போதவில்லை, ஏனென்றால் முதல் பத்து நாள் தட்டுத்தடுமாறுவதிலேயே போய்விடுகிறது. 90 நாள் என்றால் கடைசித் தேதி கண்ணுக்கே தெரிவதில்லை.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் பணிபுரிந்தோரும் 96 பேரை 84 நாள் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆன காலத்தின் நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. ஆகவே 48-ஆம் நாள் காலையில் கால் தானாக நடைபாதைக்குப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாம் இங்கே பழக்கத்துக்கு முயலவில்லை, தேதி போட்ட ஒரு வேலையை முடிக்கப் பார்க்கிறோம். பழக்கமானால் லாபம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே நேரத்தில் எத்தனை இலக்கு? இரண்டு. மிஞ்சிப்போனால் மூன்று, அதிலும் ஒன்று "செய்யாமல் இருப்பது" வகையாக இருந்தால். புத்தாண்டு அன்று பதினோரு வரி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் படி: எந்தச் செயலி?

இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்வது ஆண்ட்ராய்டு போன்களுக்கான லூப் ஹாபிட் டிராக்கர். இலவசம், விளம்பரம் கிடையாது, மூல நிரல் திறந்தே இருக்கும் கட்டற்ற மென்பொருள். கூகுள் பிளேயிலும், கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்திலும் கிடைக்கும். கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம், நீங்கள் பதிவது உங்கள் போனிலேயே இருக்கும். எத்தனை மணிக்கு எழுகிறேன், எத்தனை டீ குடிக்கிறேன் என்பதெல்லாம் ஊரார் பார்க்கிற விஷயமா என்ன?

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு லூப் கிடையாது. விளையாட்டு மாதிரி இருந்தால் பிடிக்கும் என்பவர்கள் ஹாபிட்டிகாவைப் பார்க்கலாம். அன்றாட வேலையைச் செய்யாவிட்டால் அதில் உங்கள் கதாபாத்திரத்தின் உயிர் குறையும். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, எனக்கு இரண்டாம் நாளே சலித்துவிட்டது. கூகுள் ஷீட்ஸில் தேதிக்கு ஒரு வரி போட்டுக்கொண்டாலும் கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி பொருந்தும். போனைக் கையில் எடுத்தாலே அரை மணி நேரம் ரீல்ஸில் போய்விடும் என்கிறவர்களுக்கு அம்மாவின் காலண்டர்தான் சரி. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் படி: இலக்கைச் செயலிக்குள் எழுதுவது

லூப்பைத் திறந்ததும் மேலே கூட்டல் குறி இருக்கும். அதை அழுத்தினால் இரண்டு வகை கேட்கும். ஒன்று யெஸ் ஆர் நோ, அதாவது செய்தேன், செய்யவில்லை என்பது. இன்னொன்று மெஷரபிள், அதாவது எண்ணால் அளப்பது.

நடைக்கு முதல் வகையை எடுத்தேன். இரண்டாவதை எடுத்து நிமிடக் கணக்கு எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். நிமிடம் எழுத ஆரம்பித்தால் 27 நிமிடம் நடந்த நாளில் மனசு கெட்டுப்போகிறது, 45 நிமிடம் நடந்த மறுநாள் "நேற்றுதான் அதிகமாச்சே" என்று சாக்குச் சொல்கிறது. அளவு முக்கியமில்லாமல், வாசலைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்கிற வேலைகளுக்கு ஆமாம்/இல்லை போதும். கணக்குப் போடுவது, பக்கம் படிப்பது, பணம் சேர்ப்பது போன்றவற்றுக்கு எண் வேண்டும்.

அடுத்து பெயர், கேள்வி என்று இரண்டு கட்டங்கள் வரும். பெயர் சுருக்கமாக இருக்கட்டும்: "நடை". கேள்விக் கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுவார்கள், ஆனால் நினைவூட்டல் வரும்போது திரையில் தெரிவது அந்த வாசகம்தான். அதைத் தமிழிலேயே, உங்களிடம் யாராவது நேரில் கேட்பதுபோல எழுதுங்கள். நான் எழுதியது: "இன்னைக்குப் பார்க்கை மூணு சுத்து சுத்தினியா?" அண்ணன் மகள் எழுதியது: "பத்துக் கணக்கு ஆச்சா? சித்தப்பா கேட்கிறார்."

அப்புறம் ஃப்ரீக்வென்சி, அதாவது எத்தனை நாளுக்கு எத்தனை முறை என்பது. இங்கே நிதானமாக யோசியுங்கள். "தினமும்" என்று போடுவது வீரமாகத் தெரியும், மூன்றாவது நாளே உடையும். வாரத்துக்கு 5 முறை என்று போட்டால் லூப் அதைப் புரிந்துகொள்ளும். ஐந்து நாள் முடித்துவிட்டால் மீதி இரண்டு நாளுக்கும் வெளிர் நிறத்தில் தானே குறி போட்டுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தூங்கியதற்காகக் குற்றவுணர்வு வேண்டியதில்லை. தினமும் என்று போட வேண்டியவை மாத்திரை, பல் தேய்ப்பது மாதிரி ஓய்வு நாளே இல்லாத வேலைகள் மட்டும்.

எண் வகையில் அலகும் இலக்கும் கேட்கும். அண்ணன் மகளுக்கு அலகு "கணக்கு", இலக்கு 10, ஒவ்வொரு நாளும், அட் லீஸ்ட், அதாவது குறைந்தபட்சம். அந்த அட் லீஸ்ட் என்ற இடத்தில் அட் மோஸ்ட் என்று மாற்றவும் முடியும். குறைக்க வேண்டிய விஷயங்களுக்கு அதுதான் கருவி. வெளிச்சாப்பாட்டை நான் அப்படித்தான் வைத்தேன்: வாரத்துக்கு அதிகபட்சம் 2. "வெளியே சாப்பிடவே கூடாது" என்று வைத்திருந்தால் முதல் பிரியாணியோடு இலக்கு செத்துப்போயிருக்கும். இரண்டு என்று வைத்ததால் வெள்ளிக்கிழமை நண்பர்கள் கூப்பிடும்போது "இது ஒண்ணு, இன்னும் ஒண்ணு பாக்கி" என்று கணக்குப் பார்க்க முடிந்தது.

குறிப்பு எழுதும் கட்டமும் அங்கேயே உண்டு. தாளில் எழுதிய மூன்றாவது வரியை, அதாவது முடிவுத் தேதியை, அதில் போடுங்கள். லூப்பில் ஒரு குறை, இலக்குக்குக் கடைசித் தேதி வைக்கும் வசதி தனியாகக் கிடையாது. பெயரிலேயே "நடை (ஆகஸ்ட் 17 வரை)" என்று சேர்த்துக்கொள்வதும் உண்டு.

நான்காம் படி: செட்டிங்ஸில் மாற்ற வேண்டியவை

இது சலிப்பான பகுதிதான், ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். லூப்பில் ஆரம்பத்திலேயே இல்லாமல் நாமாகப் போட்டுக்கொள்ள வேண்டிய இரண்டு வசதிகள் இருக்கின்றன.

முதலாவது, பதியாத நாளுக்குக் கேள்விக்குறி காட்டும் வசதி. இது இல்லாவிட்டால் நீங்கள் செய்யாத நாளும் பதிய மறந்த நாளும் ஒரே மாதிரி தெரியும். போட்டுவிட்டால், பதியாத நாள் கேள்விக்குறியோடு நிற்கும், நீங்களாகப் போய் "செய்யவில்லை" என்று குறிக்க வேண்டும். அந்த ஒரு தொடுதலில் ஒரு சின்ன வலி இருக்கிறது. எனக்கு இரண்டு வருடமாகக் கிடைக்காமல் போனது அந்த வலிதான்.

இரண்டாவது, ஸ்கிப். காய்ச்சல், துக்க வீடு, வெளியூர்ப் பயணம் போன்ற நாட்களை ஸ்கிப் என்று குறித்தால் மதிப்பெண் குறையாது, தொடர்ச்சியும் அறுபடாது. ஆனால் இது கத்தி மாதிரி. எதற்கெல்லாம் ஸ்கிப் என்பதை முதல் நாளே குறிப்புக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். என் பட்டியலில் மூன்றுதான்: காய்ச்சல், சாவு, ஊரில் இல்லாதது. மழை பட்டியலில் இல்லை. மழை பெய்தால் மொட்டைமாடிப் படியில் ஏறி இறங்கலாம். பட்டியலை முன்கூட்டியே எழுதாதவர்களுக்கு மூன்றாவது வாரத்தில் "மனசு சரியில்லை" என்பதும் ஸ்கிப் ஆகிவிடும்.

இரவு வெகுநேரம் விழித்திருப்பவர்கள், நள்ளிரவுக்குப் பிறகும் சில மணி நேரத்தை முந்தைய நாளோடு சேர்த்துக் கணக்கிடும் வசதியையும் போட்டுக்கொள்ளலாம். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஐந்தாம் படி: நினைவூட்டல்

"காலை ஆறு மணிக்கு நட" என்று ஆறு மணிக்கே நினைவூட்டல் வைத்திருந்தேன். ஆறு மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன், அல்லது காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். நினைவூட்டல் மணியைத் தள்ளிவிட்டுத் திரும்பப் படுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தார். "நடப்பேன்" என்று உறுதி எடுப்பதைவிட, "இது நடந்த உடனே அதைச் செய்வேன்" என்று ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. கடிகாரத்தை நம்புவதைவிட ஏற்கெனவே நடக்கும் ஒன்றை நம்புவது நல்லது. என் வீட்டில் பால் பாக்கெட் விழும் சத்தம் தவறாமல் கேட்கும். பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறக்கும்போது செருப்பைப் போட்டுக்கொள்வேன், பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுவேன். காபி, நடந்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான். இப்படி ஒரு கொக்கி உங்கள் வீட்டிலும் இருக்கும்: குக்கர் மூன்றாவது விசில், பிள்ளைகளின் ஸ்கூல் வேன் கிளம்புவது, சாயங்கால விளக்கேற்றுவது.

அப்படியானால் செயலியின் நினைவூட்டல் எதற்கு? பதிவதற்கு. வேலையைச் செய்யச் சொல்லும் மணியாக அல்லாமல், செய்தாயா என்று கேட்கும் மணியாக வையுங்கள். நான் ராத்திரி 9.15-க்கு வைத்திருக்கிறேன். அறிவிப்பிலேயே பதில் சொல்லிவிடலாம், செயலியைத் திறக்க வேண்டியதில்லை.

நினைவூட்டல் வரவே இல்லை என்றால் குற்றம் பெரும்பாலும் செயலியுடையது அல்ல. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று சில போன்கள் பின்னணியில் இருக்கும் செயலிகளைத் தூங்கவைத்துவிடும். என் பழைய போன் இப்படி நாலு நாள் என்னை ஏமாற்றியது. போன் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய், கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றுங்கள். அறிவிப்புக்கான அனுமதியும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: முதல் வாரம்

பதியுங்கள், வேறெதுவும் செய்யாதீர்கள். வரைபடத்தைப் பார்க்காதீர்கள். லூப் ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு சதவீத மதிப்பெண் காட்டும், அது முதல் வாரத்தில் யாரையும் சோர்வடையவைக்கும். தினசரி இலக்கை ஏழு நாளும் தவறாமல் செய்தாலும் சுமார் 31 சதவீதம்தான் காட்டும். "ஏழுக்கு ஏழு செய்தேன், ஏன் 31?" என்று அண்ணன் மகள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். பல செயலிகள் தொடர்ச்சியாக எத்தனை நாள் செய்தீர்கள் என்று மட்டும் எண்ணும். 40 நாள் செய்து ஒரு நாள் தவறினால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அன்றைக்கே பாதிப் பேர் கைகழுவிவிடுவார்கள். லூப்பும் தொடர்ச்சியைக் காட்டும், ஆனால் அதன் மதிப்பெண் வேறு மாதிரி: பழைய நாட்களின் பாரம் மெல்ல மெல்லக் குறையும், புது நாட்களின் பாரம் மெல்ல ஏறும். தினசரி இலக்கில் 30 நாள் தவறாமல் செய்தால் 80 சதவீதம், 48 நாளில் 92 சதவீதம். 80-ல் இருக்கும்போது ஒரு நாள் தவறினால் 76-க்கு இறங்கும், அவ்வளவுதான். லாலியின் ஆய்வு சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே. இந்தச் செயலியை நான் தேர்ந்தெடுத்ததற்கு விளம்பரம் இல்லாததைவிட இந்தக் கணக்குதான் பெரிய காரணம்.

ஏழாம் படி: ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

தினம் பதிகிறவர்கள் நிறையப் பேர். பதிந்ததைத் திரும்பப் படிக்கிறவர்கள் குறைவு. கணக்கு நோட்டில் எழுதிவிட்டுக் கூட்டிப் பார்க்காத மாதிரி.

இலக்கின் பெயரைத் தொட்டால் உள்ளே காலண்டரும் வரைபடங்களும் இருக்கும். அதில் ஃப்ரீக்வென்சி என்ற படத்தைப் பாருங்கள். கிழமை வாரியாகப் புள்ளிகள் இருக்கும். அடிக்கடி செய்யும் கிழமைக்குப் பெரிய புள்ளி, செய்யாத கிழமைக்குச் சிறியது அல்லது காலி.

மூன்றாவது ஞாயிறு அந்தப் படத்தைப் பார்த்தேன். அதுவரை எனக்குள் ஒரு தீர்ப்பு இருந்தது: எனக்குச் சோம்பேறித்தனம், அதனால் வாரத்துக்கு ஐந்து நாள் தேறவில்லை. படம் வேறு சொன்னது. திங்கள், புதன், வியாழன், சனியில் முழுப் புள்ளி. செவ்வாய், வெள்ளியில் காலி. சோம்பேறித்தனம் கிழமை பார்த்தா வரும்? கொஞ்சம் யோசித்ததும் புரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் மனைவி விடியற்காலையிலேயே கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் அன்றைக்கு என் பொறுப்பு. பால் பாக்கெட் விழும், கதவைத் திறப்பேன், ஆனால் அடுப்பில் இட்லி இருக்கும். கொக்கியே இல்லாத நாட்கள் அவை.

மருந்து எளிதாக இருந்தது. செவ்வாய், வெள்ளியில் மட்டும் நடை சாயங்காலம் ஆபீஸ் பேருந்து இறங்கும் இடத்திலிருந்து, இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி. தவறிய நாட்களை நான் பதியாமல் விட்டிருந்தால், படத்தில் எது செய்யாத நாள், எது மறந்த நாள் என்று தெரிந்திருக்காது. நானும் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நேரத்தை மாற்றுவது, அளவைக் குறைப்பது, கொக்கியை மாற்றுவது, ஏதாவது ஒன்று. மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

எட்டாம் படி: நடுவில் அறுந்துபோனால்

அறுந்துபோகும். 20-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை மோசமான காலம், புதுசு என்ற ருசி போயிருக்கும், முடிவும் பக்கத்தில் இருக்காது. ஒரு கல்யாண வீடு போதும், நாலு நாள் போய்விடும்.

இதற்கு முன்னேற்பாடாக ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு "கஞ்சி அளவு" வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு முடியாதவனுக்குக் கஞ்சி கொடுப்பதுபோல. நடைக்குப் பத்து நிமிடம், கணக்குக்கு இரண்டு. அடுத்தடுத்து இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் கஞ்சி அளவாவது செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆமாம் என்று குறிக்கலாமா? வாரத்தில் ஒரு முறை குறிக்கலாம். அதற்கு மேல் என்றால் இலக்கே பெரிசு என்று பொருள், ஞாயிறு உட்கார்ந்து குறையுங்கள்.

விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக ஒரே நாளில் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். ஒரு நாள் 90 நிமிடம் நடந்து முழங்கால் பிடித்துக்கொண்டு மறுநாளும் படுத்திருந்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

ஒன்பதாம் படி: எண்ணுக்காக வேலை செய்யும் வியாதி

ஐந்தாவது வாரம் அண்ணன் மகளின் வரைபடம் அழகாக இருந்தது. பத்து, பத்து, பன்னிரண்டு, பத்து. ஆனால் பழைய வினாத்தாளை வைத்துப் போட்டுப் பார்த்தால் 25-க்கு 13, முன்பு வந்த அதே 13. நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். புரட்டினால் எல்லாம் சுருக்குக, சதவீதம். தனிவட்டி கூட்டுவட்டி இல்லை, வேலையும் நேரமும் இல்லை, மீ.பொ.வ. இல்லை.

"இது உனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச கணக்குதானேம்மா?"

"பத்து ஆகணும்ல சித்தப்பா. இதுன்னா கால் மணி நேரத்துல முடிஞ்சிடும்."

அவளைக் குறைசொல்ல முடியாது, பத்து என்று எழுதிக் கொடுத்தது நான்தான். அளவுகோலையே இலக்காக்கினால் அது நல்ல அளவுகோலாக இருக்காது என்பதைப் பொருளாதாரத்தில் குட்ஹார்ட் விதி என்பார்கள். பிரிட்டன் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக்கொள்கை பற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிற எண்ணும் இந்த வகைதான். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. அதை எட்டுவதற்காக ராத்திரி பதினொன்றரைக்குக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இலக்கின் வாசகத்தை மாற்றினோம்: "போன முறை தப்பாகப் போட்டதில் 5, புது வகையில் 3." எண்ணிக்கை எட்டாகக் குறைந்தது, நேரம் கால் மணியிலிருந்து ஒரு மணிக்கு ஏறியது. அடுத்த மூன்று நாள் 4, 3, 6 என்று வரைபடம் அசிங்கமாக இருந்தது. கடைசி வாரம் போட்ட மாதிரித் தேர்வில் 19. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, செயலிக்கு வெளியே போய் தாளின் முதல் வரியைச் சோதியுங்கள். நடைக்கு இடுப்பளவு, சேமிப்புக்கு வங்கி இருப்பு, படிப்புக்கு மாதிரித் தேர்வு. வரைபடம் ஏறி அது ஏறாவிட்டால் தவறான ஒன்றை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

யாரிடம் காட்டுவது?

ஒருவரிடம். 2016-ல் சைக்கலாஜிக்கல் புல்லட்டின் இதழில் 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை எட்ட உதவுகிறது, அதை எழுதிப் பதிந்தாலோ பிறர் அறியச் செய்தாலோ பலன் கூடுகிறது என்பது அதன் முடிவு. அதற்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள். நான் போட்டேன். பெரியப்பா வெந்தயத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், அத்தை பாகற்காய், மாமா ஒருவர் நடப்பதே முழங்காலுக்குக் கெடுதல் என்று வீடியோ அனுப்பினார். நடந்தேனா என்று யாரும் கேட்கவில்லை. இப்போது ஞாயிறு ராத்திரி அண்ணன் மகள் அவள் படத்தை எனக்கு அனுப்புவாள், நான் என் படத்தை அவளுக்கு அனுப்புவேன். "செவ்வாய் என்னாச்சு?" என்ற ஒரு வரி வரும். அது போதும்.

பத்தாம் படி: காப்பு எடுத்துவைப்பது

தரவு போனிலேயே இருக்கிறது என்று மேலே பெருமையாகச் சொன்னேன் அல்லவா? போன் போனால் தரவும் போகும். இதற்கு முந்தைய ஒரு சுற்றில் 23-ஆம் நாள் என் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. செட்டிங்ஸில் முழு பேக்கப் எடுக்கும் வசதி இருப்பது தெரிந்தும் எடுக்கவில்லை, முழுக்க என் தப்பு. ஞாயிறு பத்து நிமிடத்தின் கடைசி வேலையாக அந்தக் கோப்பை எடுத்து டிரைவிலோ உங்களுக்கே அனுப்பும் மின்னஞ்சலிலோ போட்டுவிடுங்கள். சிஎஸ்வி கோப்பாகவும் எடுக்கலாம், அதை எக்ஸெலில் திறந்து பார்க்கலாம். ஆனால் புதுப் போனில் அப்படியே திரும்ப ஏற்ற முழு பேக்கப்தான் வேண்டும்.

48-ஆம் நாள்

கடைசி நாளன்று இலக்கை நீக்காதீர்கள், ஆர்க்கைவ் செய்யுங்கள். பட்டியலிலிருந்து மறையும், பதிவுகள் இருக்கும். அடுத்த முறை இதே மாதிரி ஒன்றைத் தொடங்கும்போது எந்தக் கிழமையில் வழுக்கினீர்கள் என்று பார்க்க உதவும்.

என் முதல் முழுச் சுற்றின் கணக்கு இது: வாரத்துக்கு ஐந்து என்ற கணக்கில் 34 நாள் நடந்திருக்க வேண்டும். நடந்தது 29. ஸ்கிப் 2, இரண்டும் ஊருக்குப் போன நாட்கள். மீதி 3 நாள் தவறியது, அதில் இரண்டு செவ்வாய், மூன்றாவது வாரத்துக்கு முந்தியவை. மூன்று மாதம் முடிந்து எடுத்த பரிசோதனையில் 5.8. நடை மட்டுமே காரணமா, வெளிச்சாப்பாடு குறைந்ததும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியதன் விலை அது.

அடுத்த சுற்றை உடனே தொடங்காமல் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். நினைவூட்டலை அணைத்துவிட்டு, எதையும் பதியாமல். அந்த வாரத்தில் தானாக நடந்த வேலையை இனிமேல் செயலியில் போட வேண்டியதில்லை. நின்றுபோனதை மட்டும் புதுத் தேதியோடு மறுபடி எழுதுங்கள். எனக்குத் திங்கள், புதன், வியாழன் தானாக நடந்தது. சனிக்கிழமை நின்றுபோனது. இப்போது என் செயலியில் "சனி நடை" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.